கோசி கிரமாடி (பல்கேரியா): ஒட்ரீசிய அரசரின் மலைக்கோட்டைக்குச் சின்ன காரில் போக முடியுமா?

வழிப்போக்கன்

செப்டம்பர் கடைசி வாரம் பல்கேரியா. தங்கல் ப்ளோவ்திவ் நகரில், கையில் நான்கு நாள். இந்தப் பகுதியின் பண்டைய மக்களான திரேசியர்களின் கல்லறைகளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் தகவல் கிடைக்கிறது. அவர்களில் பெரிய அரசை ஆண்ட ஒட்ரீசிய இன அரசர்கள் உயிரோடு இருந்தபோது எங்கே இருந்தார்கள் என்று தேடினால் மட்டும் கோசி கிரமாடி என்ற ஒரு பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

மூன்று கேள்வி. வாடகைக்கு எடுக்கும் சின்ன காரில் மேலே போய்விடலாமா? அரை நாள் போதுமா? போய்ச் சேர்ந்தால் பார்க்க என்ன இருக்கிறது, வெறும் அடித்தளக் கல்தானா? கூட வருகிறவர்களில் ஒருவருக்கு முட்டிவலி உண்டு.

குன்றேறி

சின்ன கார் வேண்டாம்.

ப்ளோவ்திவிலிருந்து ஹிசார்யா சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து மேற்கே போனால் ஸ்தாரோசெல் கிராமம். அதுவரை தார்ச்சாலை, எந்த வண்டியும் போகும். ஸ்தாரோசெல்லுக்கு வடக்கே ஸ்ரெட்னா கோரா மலைத்தொடர். கோட்டை அந்த மலையில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து பார்த்தால் எழுநூறு மீட்டருக்குக் குறையாத ஏற்றம், அதுவும் காட்டுப்பாதையில்.

இந்த மாதிரிப் பாதைகளில் கனரக வண்டிகள் ஓடி ஓடி இரண்டு சக்கரத் தடமும் பள்ளமாகிவிடும், நடுவில் மேடு நிற்கும். சின்ன காரின் அடிவயிறு தரையிலிருந்து 14, 15 சென்டிமீட்டர்தான். நடுமேட்டில் துருத்தும் ஒரே ஒரு கல் போதும், என்ஜின் ஆயில் தொட்டி ஓட்டை. வாடகை ஒப்பந்தங்களில் தார் போடாத சாலைக்குப் பெரும்பாலும் அனுமதியே கிடையாது. "முழுக் காப்பீடு" என்று விற்கப்படுவதிலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் பல இடங்களில் சேராது. அந்தச் சிறிய எழுத்தைக் கையெழுத்துப் போடும் முன்பே படித்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது இரண்டு வழி. ஸ்தாரோசெல்லில் ஓட்டுநரோடு நான்கு சக்கர இயக்க வண்டி விசாரித்து ஏற்பாடு செய்வது. இல்லாவிட்டால் நடப்பது. முட்டிவலிக்காரர் இருப்பதால் முதல் வழிதான். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும்.

அரை நாள் என்பது வண்டியில் போனால் சரி. நடந்தால் முழு நாள். நடையைக் கணக்கிட எளிய வழி: வரைபடத்தில் தூரத்தை அளந்து மணிக்கு 4 கிலோமீட்டர் போடுங்கள், அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். வருகிற தொகையை அந்தக் குழுவின் மெதுவான ஆளுக்கு ஏற்றபடி இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள்.

கல்தச்சன்

மூன்றாவது கேள்விக்கு நான். ஆம், அடித்தளமும் கீழ்ச்சுவரும்தான். ஆனால் அதில் "வெறும்" என்ற சொல்லை எடுத்துவிடலாம்.

அரண்மனை என்ற படத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். தூண் மண்டபமோ படிக்கட்டோ சிற்பமோ அங்கே தேடாதீர்கள். தேட வேண்டியது வாசல், கோபுரம், சுற்றுச்சுவர், உள்ளே கட்டடம், அவ்வளவுதான். ஏனென்றால் ஒட்ரீசிய அரசன் இருந்த இடம் முதலில் ஒரு காவல் இடம், பிறகுதான் வீடு.

இதற்கு நேரில் பார்த்த சாட்சியே உண்டு. கிரேக்கத் தளபதி செனபோன் கிமு 400-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் இரண்டாம் செவ்தெஸ் என்ற திரேசியத் தலைவனைச் சந்திக்கப் போகிறார். அது கோசி கிரமாடி அல்ல, தென்கிழக்குத் திரேசில் மர்மரா கடலோரப் பக்கம். செவ்தெஸ் ஒரு கோபுரத்துக்குள் இருக்கிறான். சுற்றிலும் குதிரைகள், கடிவாளம் பூட்டியபடி. பகலில் மேயவிட்டு இரவில் கடிவாளத்தோடு காவலுக்கு நிறுத்துவார்களாம். காவலர்கள் நெருப்பைத் தங்களுக்கு முன்னால் தள்ளி மூட்டியிருக்கிறார்கள். வருகிறவன் வெளிச்சத்தில் தெரிவான், காவலர் எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள் என்பது இருட்டில் தெரியாது. அதே பகுதியில் செவ்தெசின் முன்னோனான தெரெஸ் பெரும்படையோடு வந்தும் உள்ளூர் மக்களிடம் நிறைய ஆட்களை இழந்தான் என்பதுதான் இவ்வளவு பயத்துக்குக் காரணம் என்கிறார் செனபோன். அந்தக் கோபுரத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் "திர்சிஸ்". ஆய்வாளர்கள் இன்றும் இவ்வகை இருப்பிடத்துக்கு அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுப் போனால் 1,200 மீட்டர் உயரம் ஏன் என்று யாரும் விளக்க வேண்டாம்.

வழிப்போக்கன்

நன்றி. பெர்பெரிகோன் என்ற இடத்தையும் "திரேசிய அரசர் அரண்மனை" என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். அங்கே தார்ச்சாலை போகிறதே. அதைப் பார்த்தால் போதாதா?

கல்தச்சன்

பெர்பெரிகோன் பார்க்க வேண்டிய இடம், சந்தேகமே இல்லை. பாறையைக் குடைந்து செய்த தளங்களும் தொட்டிகளும் பிரமாதம். ஆனால் அங்கே கண்ணில் படும் மதில், கட்டடம் எல்லாவற்றிலும் பெரும்பகுதி பிற்கால ரோமானியர் காலமும் இடைக்காலமும். ஒட்ரீசிய அரசு கோலோச்சிய கிமு 5, 4-ஆம் நூற்றாண்டில் ஓர் அரச இருப்பிடம் எப்படி இருந்தது என்பதற்கு அது விடை சொல்லாது. கோசி கிரமாடியின் சிறப்பே அந்தக் காலத்தோடு நின்றுபோனதுதான். மேலே வேறு நகரம் எழும்பவில்லை.

நாணயப்பெட்டி

நின்றுபோனது ஏன் என்பதையும் சொல்லிவிடலாம்.

ஒட்ரீசிய அரசன் முதலாம் கோத்திஸ் கிமு 360 வாக்கில் கொல்லப்பட்டான். ஒட்ரீசிய அரசு மூன்றாகப் பிரிந்தது: கிழக்கே கெர்செப்லெப்டெஸ், நடுவே இரண்டாம் அமாதோகோஸ், மேற்கே பெரிசாதெஸ். அமாதோகோசுக்குப் பின் இரண்டாம் தெரெஸ். இவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாசிதோனியாவின் இரண்டாம் பிலிப் ஒவ்வொருவராகக் கவனித்து, கிமு 342, 341 படையெடுப்பில் முழுதாக முடித்துவிட்டான். ப்ளோவ்திவ் பிலிப்போபோலிஸ் ஆனதும் அப்போதுதான்.

கோசி கிரமாடியை 2005 முதல் அகழ்ந்தவர் சோபியா தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் இவான் ஹ்ரிஸ்தோவ். அங்கே கிடைத்த நாணயங்களில் இந்தப் பட்டியலின் பெயர்கள்தான் வருகின்றன. கூடவே ஈயக் கவண் குண்டுகள். பாதாம்பருப்பு வடிவம், கையில் அடங்கும் அளவு, சிலவற்றில் எழுத்து. கிமு 348-இல் பிலிப் தரைமட்டமாக்கிய ஒலிந்தோசில் இதே வகைக் குண்டுகள் அவன் பெயரோடும் அவன் தளபதிகள் பெயரோடும் கிடைத்திருக்கின்றன. அதனால்தான் இந்த மலைக்கோட்டையின் முடிவை பிலிப்பின் படையெடுப்போடு சேர்த்து வைக்கிறார்கள்.

ஒரு சிறு குண்டு எதற்கு இவ்வளவு முக்கியம் என்றால், நாணயம் கைமாறிக் கைமாறி எங்கே வேண்டுமானாலும் போகும், ஐம்பது வருடம் கழித்தும் தொலையும். கவண் குண்டு அப்படியில்லை. அது விழுந்த இடத்தில் யாரோ யாரையோ அடித்திருக்கிறார்கள்.

அகழ்குழி

நாணயப்பெட்டி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். "இதுதான் ஒட்ரீசியத் தலைநகரம்" என்று வழிகாட்டிகள் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இந்த அரசர்களுக்கு ஒரே இருப்பிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

1985, 86-இல் வடமேற்கு பல்கேரியாவின் ரோகோசென் கிராமத்தில் 165 வெள்ளிப் பாத்திரங்கள் கிடைத்தன. பலவற்றில் கோத்திஸ் பெயரும், அதோடு பெயோஸ், அப்ரோஸ், அர்கிஸ்கே மாதிரியான ஊர்ப் பெயர்களும் இருக்கின்றன. அரசன் ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருந்தான், போகிற இடத்தில் காணிக்கை வாங்கினான், பாத்திரமும் அங்கேயே செய்யப்பட்டது என்று இதைப் பலர் வாசிக்கிறார்கள். அப்படியானால் கோசி கிரமாடி அந்தச் சுற்றில் ஒரு நிறுத்தம். கோடையில் குளிர்ந்த காற்று, கீழே சமவெளியில் நடப்பதெல்லாம் கண்ணில் படும், எதிரி ஏறி வர நேரம் பிடிக்கும். வருடம் முழுக்க இருக்கும் இடமாகத் தோன்றவில்லை. குளிர்காலத்தில் அந்த உயரத்தில் பனி.

குன்றேறி

பனி என்றதும் நினைவு வந்தது. நவம்பர் பாதி முதல் மார்ச் கடைசி வரை மேலே போகும் எண்ணமே வேண்டாம். ஏப்ரலில் பனி உருகி மண் இளகும். நான்கு சக்கர இயக்க வண்டியே திணறும் காலம் அது. மே, ஜூனில் பச்சை அழகாக இருக்கும், ஆனால் புல் சுவரை மூடிவிடும், மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல். செப்டம்பர் நடு முதல் அக்டோபர் நடு வரை நல்ல நேரம். நீங்கள் போவது சரியான வாரம்.

சமவெளியில் 28 டிகிரி இருந்தால் மேலே ஐந்து டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள், காற்று வீசினால் இன்னும் குறையும். ஒரு காற்றுத் தடுப்புச் சட்டை போதும். தண்ணீர் நடப்பவருக்கு ஆளுக்கு மூன்று லிட்டர், வண்டியில் போகிறவருக்கு ஒன்றரை. வழியில் ஊற்று வரும் என்று நம்பிப் போகாதீர்கள். செப்டம்பரில் பல ஊற்று வற்றியிருக்கும். ஹிசார்யாவில் கனிமநீர் ஊற்றுகளில் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

அந்த வாரம் சூரியன் மறைவது மாலை ஏழேகால் வாக்கில். காட்டுக்குள் அதற்கு முக்கால் மணி முன்னமே வெளிச்சம் போய்விடும். நான்கரை மணிக்கே மலையிலிருந்து கிளம்பிவிடுங்கள்.

செல்வி_ஸ்டுட்கார்ட்

ஒருத்தரும் உண்ணியைப் பற்றிச் சொல்லேல்லையே. பல்கேரியாவிலை உண்ணிக் காய்ச்சல் சும்மா விசயமில்லை. லைம் நோயும் இருக்கு, கிரிமிய-கொங்கோ காய்ச்சலும் இருக்கு. உச்சம் வசந்தமும் முன்கோடையும் எண்டாலும் செப்டம்பரிலையும் கவனம் வேணும். நீளக் காற்சட்டை, அதைக் காலுறைக்குள்ளை செருகிவிடுங்கோ. வெளிர் நிறம் எண்டால் உண்ணி ஊருறது தெரியும். திரும்பி வந்த உடனை முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னாலை பாருங்கோ. கடிச்சிருந்தால் எண்ணெய் பூசாதேங்கோ, நெருப்பு வைக்காதேங்கோ, கையாலை நசுக்கவும் கூடாது. நுனி மெல்லிசான இடுக்கியாலை தோலோடை ஒட்டப் பிடிச்சு நேரே இழுக்கவேணும். ரெண்டு கிழமைக்குள்ளை காய்ச்சல் வந்தால் வைத்தியரிட்டை "உண்ணி கடிச்சது" எண்டு முதல் வசனத்திலேயே சொல்லுங்கோ.

கற்குவியலிலை கையை வைக்க முந்திப் பாருங்கோ. மூக்கிலை கொம்பு வைச்ச விரியன் அந்த நாட்டிலை உண்டு, வெயிலுக்குக் கல்லுக்கு மேலை படுத்திருக்கும்.

கல்தச்சன்

செல்வி சொன்னது சுவரில் ஏறி நின்று படம் எடுக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

மேலே போனதும் எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறீர்கள் இல்லையா, என் முறை இது. உள்ளே நேராக நுழையாதீர்கள். சுற்றுச்சுவரின் வெளிப்பக்கமாக ஒரு முழுச் சுற்று வாருங்கள். எந்தப் பக்கம் சரிவு அதிகம், எந்தப் பக்கம் சமமாக வருகிறது என்று பாருங்கள். காப்பு அதிகம் தேவைப்பட்டது சமமான பக்கத்தில். பிறகு வாசல். வாசலில் நிலைக்கல்லையும் அதில் கதவுக்கான குழியையும் தேடுங்கள். அதற்கப்புறம் உள்ளே.

சுவரில் குனிந்து பார்க்க வேண்டியது கல்லின் முகம். கிரேக்க முறையில் செதுக்கிய கல் என்றால் நான்கு ஓரமும் நேர்விளிம்பாக வெட்டி, நடுவில் புடைப்பு விட்டிருப்பார்கள். அடுக்குகள் கிடைமட்டமாக நேராக ஓடும். அதே சுவரின் உட்பக்கத்தில் சின்னச் சின்ன உடைகல்லும் மண்ணும் திணித்திருக்கும். வெளியே வருகிறவன் பார்க்கிற முகத்துக்குத்தான் உளி. காட்டுமலை உச்சியில் இப்படி ஒரு முகம் வைப்பது எதிரியைத் தடுப்பதற்கு மட்டும் அல்ல. யார் இருக்கிறார் என்று காட்டுவதற்கும்தான்.

மேற்சுவர் எங்கே என்று தேட வேண்டாம். இக்காலக் கட்டடங்களில் கல் அடித்தளத்துக்கு மேலே வெயிலில் காய்ந்த மண்கல்லும் மரச் சட்டமும் வைப்பது வழக்கம். எரிந்தால் மரம் சாம்பல், மண்கல் மழையில் கரைந்து தரையோடு தரை.

இன்னொன்று. பல்கேரியாவில் பல இடங்களில் பழைய சுவர்மேல் புதுக்கல் அடுக்கி உயர்த்தியிருக்கிறார்கள். இரண்டையும் பிரிக்க வழக்கமாக ஒரு மெல்லிய கோடு விடுவார்கள், சாந்தாகவோ நிறம் மாறிய கல் வரிசையாகவோ. அந்தக் கோட்டைக் கண்டுபிடித்துவிட்டு, அதற்குக் கீழே மட்டும் பாருங்கள். கோடு தெரியாவிட்டால் கல்லின் மேலுள்ள பாசியைப் பாருங்கள், பாசி பொய் சொல்லாது.

வழிப்போக்கன்

மிகவும் பயனுள்ளது. ஸ்தாரோசெல் கல்லறையை அதே நாளில் முடிக்கலாமா? முதலில் கல்லறையா, மலையா?

நாணயப்பெட்டி

கல்லறை முதலில். அங்கே கூரை, சுவர், தூண் எல்லாம் நிற்கிறது. அதே காலத்துக் கல்தச்சு வேலை எப்படி இருந்தது என்று கண்ணுக்குப் பழகிவிடும். மேலே போய் இரண்டு அடுக்குக் கல்லைப் பார்க்கும்போது மிச்சத்தை மனம் கட்டிக்கொள்ளும்.

குன்றேறி

மறுக்கிறேன். வானிலை மாறுவது மதியத்துக்கு மேல்தான். காலையில் மலை, மதியம் கல்லறை. கல்லறை உள்ளே மழை பெய்யாது. காலை எட்டு மணிக்கு ஸ்தாரோசெல்லில் வண்டி ஏறினால் மதியம் ஒன்று, ஒன்றரைக்குக் கீழே வந்துவிடலாம். கல்லறையை முதலில் வைத்தால் அது திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்தே காலை போய்விடும்.

கல்தச்சன்

நாணயப்பெட்டி சொல்வது படிப்புக்குச் சரி, குன்றேறி சொல்வது பயணத்துக்குச் சரி. முந்தின நாள் மாலை ஸ்தாரோசெல் பக்கமே தங்கினால் இரண்டும் சரியாகிவிடும். மாலையில் கல்லறை, மறுநாள் காலை மலை. ப்ளோவ்திவ் தங்கலை ஒரு இரவு குறைத்துக்கொள்ளுங்கள்.

கல்லறையில் கவனிக்க வேண்டியவை. செத்தின்யோவா மோகிலா என்று பெயர். 2000-இல் கெயோர்கி கிதோவ் குழு வெளிப்படுத்தியது. மண்மேட்டின் குறுக்களவு சுமார் 80 மீட்டர், உயரம் சுமார் 20. அடிவாரத்தைச் சுற்றிச் செதுக்கிய கல்லால் கட்டிய தாங்குசுவர், நீளம் 241 மீட்டர். படியேறி உள்ளே போனால் வட்ட அறை, குறுக்களவு சுமார் 5.4 மீட்டர், சுவரோடு ஒட்டிய பத்து டோரிக் (எளிய கிரேக்கத் தூண் வகை) அரைத்தூண்கள், மேலே ஒவ்வொரு கல் வரிசையாக உள்ளே நீட்டி நீட்டி மூடிய கூடு.

எல்லாரும் அண்ணாந்து கூட்டையே பார்ப்பார்கள். நீங்கள் கல்லும் கல்லும் சேரும் இடத்தைப் பாருங்கள். இரும்புப் பற்று வைத்து உருக்கிய ஈயம் ஊற்றிப் பிணைத்த வேலை. ஈயம் இரண்டு வேலை செய்கிறது: காற்றும் ஈரமும் படாமல் இரும்பைத் துருவிலிருந்து காக்கும். நிலநடுக்கத்தில் கொஞ்சம் நெளிந்துகொடுக்கும், கல் விரியாது. இத்தகைய கட்டடங்களில் ஓரம் உடைந்த குழி தெரிந்தால் பெரும்பாலும் அது பிற்காலத்தார் ஈயத்துக்கும் இரும்புக்கும் ஆசைப்பட்டுத் தோண்டியது.

வெளியே தாங்குசுவர்ப் பக்கம் திராட்சை மிதிக்கும் கல்தொட்டியும் காட்டுவார்கள். அருகிலேயே ஹொரிசோன்ட் மேட்டில் டோரிக் தூண் வரிசையோடு இன்னொரு கட்டடம். அதற்கு அரைமணி போதும்.

அகழ்குழி

கல்லறை யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கிதோவ் கிமு 5-ஆம் நூற்றாண்டின் ஒட்ரீசிய அரசன் சிதால்கெஸ் பக்கம் சாய்ந்தார். பிறகு வந்தவர்களில் பலர் கிமு 4-ஆம் நூற்றாண்டு, இரண்டாம் அமாதோகோஸ் என்கிறார்கள். எனக்கும் இரண்டாவதுதான் படுகிறது, மேலே மலையில் கிடைத்த நாணயங்களோடு அதுதான் பொருந்துகிறது. கிதோவ் மண்மேடுகளைக் கனரக இயந்திரம் வைத்து வேகமாகத் திறந்தார் என்று சக ஆய்வாளர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். அடுக்கு அடுக்காக மண்ணை எடுத்துப் பதிவுசெய்யாவிட்டால் காலத்தைப் பிறகு சண்டை போட்டுத்தான் தீர்க்க வேண்டும்.

வழிப்போக்கன்

மேலே குழிகள் எதுவும் தெரியுமா? தானியக் குழி என்று எங்கோ படித்தேன்.

அகழ்குழி

திரேசிய இடங்கள் எல்லாவற்றிலும் குழி உண்டு, எல்லாவற்றிலும் அதைப் பற்றிச் சண்டையும் உண்டு. கிமு 341-இல் சொற்பொழிவாளர் தெமோஸ்தெனெஸ் ஏதென்சில் பேசும்போது, திரேசில் காபிலே, மாஸ்தெய்ரா மாதிரி அற்ப ஊர்களுக்காகவும் குழிகளில் கிடக்கும் தினைக்காகவும் பிலிப் குளிர்காலத்தைக் கழிக்கிறான் என்று நம்பும் அப்பாவி உண்டா என்று குத்துகிறார். ஆக, தரைக்குள் தானியம் வைத்த குழி உண்மை. ஆனால் சில குழிகளில் முழுப் பாத்திரம், விலங்கு எலும்பு, அடுப்புத் துண்டு என்று வரிசையாக வைத்து மூடியிருக்கும். அதைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது, படையல் என்கிறார்கள். என் அளவுகோல் எளிது: மணி வடிவமும் தேய்த்த சுவரும் இருந்தால் தானியம், உள்ளே அடுக்கு இருந்தால் படையல். தானியக் குழியே பின்னால் படையல் குழியானதும் உண்டு, அங்கேதான் சண்டை.

பார்வையாளர் கண்ணுக்கு மேலே இதெல்லாம் பள்ளமாகக்கூடத் தெரியாது. அகழ்ந்து முடித்ததும் மூடிவிடுவார்கள். தெரிகிற பள்ளம் பெரும்பாலும் புதையல் திருடன் போட்டது. ஓரம் கூர்மையாக, தோண்டிய மண் பக்கத்திலேயே குவிந்து கிடந்தால் அதுதான்.

செல்வி_ஸ்டுட்கார்ட்

அதாலை ஒரு எச்சரிக்கை. அந்த நாட்டிலை உலோகம் தேடும் கருவியைப் பதிவு செய்யாமல் வைச்சிருக்கிறதே குற்றம். தரையிலை ஒரு ஓட்டுத்துண்டு கிடந்தாலும் பையிலை போடாதேங்கோ. சந்தையிலை "பழைய காசு" எண்டு விற்கிறவை இருக்கினம். ஒண்டு போலி, இல்லாட்டித் திருட்டு. ரெண்டிலை எது எண்டாலும் விமான நிலையத்திலை வில்லங்கம் உங்களுக்குத்தான்.

நாணயப்பெட்டி

ஆமோதிக்கிறேன். கெர்செப்லெப்டெஸ் நாணயம் கையில் பார்க்க ஆசை என்றால் அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அதுவும் சின்னச் செப்புக்காசு. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கொண்டு போங்கள், பல இடங்களில் விளக்கு மோசம்.

பாதசாரி77

இடையில் நுழைகிறேன். நடைமுறை விஷயங்கள் யாரும் சொல்லவில்லை.

பல்கேரியா இப்போது முழு ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதி). வானூர்தி நிலையங்களில் 2024 மார்ச் கடைசியிலிருந்து, தரை எல்லைகளில் 2025 ஜனவரி 1 முதல். இந்தியக் கடவுச்சீட்டில் ஷெங்கன் விசா இருந்தால் தனி பல்கேரிய விசா தேவையில்லை. ஆனால் இந்த நாட்கள் உங்கள் 90 நாள் கணக்கில் சேரும். நாணயம் 2026 ஜனவரி 1 முதல் யூரோ. பழைய பதிவுகளில் முந்தைய நாணயமான லெவாவில் இருக்கும் கட்டணங்களை 1.95583-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் ஏறியிருக்கும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சிறு ஊர்களில் நுழைவுச்சீட்டுக்குச் சில்லறைப் பணம் கையில் இருக்கட்டும்.

நெடுஞ்சாலைகளுக்கு மின்-விக்னெட் என்ற சாலைக்கட்டண அனுமதி வேண்டும். வாடகைக் கார் என்றால் வழக்கமாக எடுத்திருப்பார்கள், வண்டி எண்ணைப் போட்டு இணையத்தில் சரிபார்த்துவிடுங்கள். கேமரா பிடிக்கும். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும், வருடம் முழுக்க. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துப் போங்கள்.

வழி கேட்கும்போது ஒன்று: அங்கே "ஆம்" என்பதற்குத் தலையை இடவலமாக அசைப்பார்கள், "இல்லை" என்பதற்கு மேலும் கீழும். நம் ஊர்த் தலையாட்டலோடு சேர்ந்தால் முழுக் குழப்பம். "தா" என்றால் ஆம், "நே" என்றால் இல்லை. வாயால் சொல்ல வையுங்கள்.

வரைபடத்தில் கோசி கிரமாடி என்று சிகரமும் இருக்கிறது, கோட்டையும் இருக்கிறது. இரண்டும் ஒரே புள்ளி இல்லை. சிகரத்தைக் குத்திவிட்டு வழிகாட்டும் செயலியை நம்பினால் காட்டுக்குள் போய் நிற்பீர்கள். சிரிலிக் எழுத்தில் தேடி, இருப்பிடத்தின் புள்ளியைச் சேமித்து, அந்தப் பகுதியின் வரைபடத்தை இணையமில்லாமல் பார்க்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் கைப்பேசிச் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அவசரத்துக்கு 112.

வழிப்போக்கன்

அன்று மழை வந்தால் மாற்றுத் திட்டம்? செவ்தோபோலிஸ் போகலாமா?

கல்தச்சன்

செவ்தோபோலிசுக்குப் போனால் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். 1948 முதல் 1954 வரை அணைக்கட்டுக்கு முன் அகழ்ந்து, பிறகு கோப்ரின்கா நீர்த்தேக்கத்தில் மூழ்கவிட்டார்கள். ஒட்ரீசிய அரச இருப்பிடங்களில் முழுத் திட்டமும் தெரிந்தது அதுதான் என்பதால் வயிற்றெரிச்சல். மூன்றாம் செவ்தெஸ் கட்டிய நகரம், மதில் நீளம் 890 மீட்டர், உள்ளே சுமார் ஐந்து ஹெக்டேர். வடபகுதியில் தனி மதில் போட்ட உட்கோட்டை, அதற்குள் சுமார் 40 மீட்டர் நீள அரண்மனை, அதில் அரச மண்டபமும் சமோத்ராகி என்ற கிரேக்கத் தீவின் கடவுளர் கோயிலும். கவனியுங்கள், நகரத்துக்கு மதில், அதற்குள் அரசனுக்குத் தனி மதில். சொந்தக் குடிகளிடமிருந்தும் காப்பு. செனபோன் பார்த்த கோபுரம் அந்த நகரத்துக்குள்ளும் கூடவே வந்திருக்கிறது.

நகரத்தைச் சுற்றி 420 மீட்டர் குறுக்களவில் வட்ட அணை கட்டித் தண்ணீரை வெளியே நிறுத்தலாம் என்று கட்டடக் கலைஞர் ஷெகோ திலெவ் ஒரு திட்டம் போட்டார். காகிதத்திலேயே இருக்கிறது.

மழை நாளுக்கு கசன்லாக் நல்லது, ஆனால் ஏரிக்காக இல்லை. இஸ்க்ரா அருங்காட்சியகத்தில் செவ்தோபோலிஸ் பொருட்கள் இருக்கின்றன. 1944-இல் கிடைத்த ஓவியக் கல்லறையின் பிரதி திறந்திருக்கும், மூலத்துக்குள் பொதுவாக விடமாட்டார்கள். பக்கத்தில் கோல்யாமா கொஸ்மாத்கா, மூன்றாம் செவ்தெசின் கல்லறை, 2004-இல் திறந்தது. அங்கே கிடைத்த வெண்கலத் தலை சோபியாவில் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கசன்லாக்கில் தேடி ஏமாறாதீர்கள்.

குன்றேறி

ஒரு திருத்தம், மழைக்கு மறுநாளும் மலைக்குப் போகாதீர்கள். அந்த மண் காய ஒரு முழு வெயில் நாள் வேண்டும். ஓட்டுநர் "போகலாம்" என்பார், அவருக்கு வருமானம். ஊரில் கடைசித் தார்ச்சாலை முடியும் இடத்தில் இறங்கிப் பாதையில் பத்து அடி நடந்து பாருங்கள். செருப்படியில் மண் அப்பிக்கொண்டு வந்தால் திரும்பிவிடுங்கள்.

ஆகவே மலையை நான்கு நாளில் இரண்டாவது நாளில் வையுங்கள். தவறினால் மூன்றாவதும் நான்காவதும் கையில் இருக்கும்.

வழிப்போக்கன்

முதல் நாள் மாலை ஸ்தாரோசெல் கல்லறை, இரவு அங்கேயே. இரண்டாம் நாள் காலை எட்டுக்கு மலை, வண்டியில். மழை என்றால் அன்றே கசன்லாக், மலை நான்காம் நாளுக்கு. வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமா?

குன்றேறி

ஆம். தங்குமிடம் பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். நான்கு விஷயத்தையும் எழுத்தில் வாங்குங்கள்: விலை ஆளுக்கா வண்டிக்கா, கோட்டை வாசல் வரை போகுமா அல்லது கடைசித் துண்டு நடையா, மேலே எத்தனை நேரம் காத்திருப்பார், மழையால் ரத்தானால் பணம் என்ன ஆகும். காத்திருப்பு இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் பேரம் பேசுங்கள். கல்தச்சன் சொன்ன வெளிச்சுற்றுக்கே முக்கால் மணி ஆகும்.